புதுத் தொழிற்சாலைக்கு வரிச்சலுகை தரலாமா? கொங்குப் பகுதி உறுப்பினர்களின் கேள்விகளும் பதில்களும்

ஒரு பெரிய நிறுவனத்தைக் கோவைக்கு அழைத்துவர வரியை விட்டுக்கொடுக்கலாமா என்று உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, உள்ளாட்சி வருவாய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் அளித்த பதில்கள்.

கேள்வி (சிங்காநல்லூர்): ஐயா, மாநகராட்சி எந்த வரியைத் தள்ளுபடி செய்ய முடியும்?

பதில்: மாநகராட்சியின் கையில் இருப்பவை மிகச் சில. சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி ஆகியவற்றோடு குடிநீர், பாதாளச் சாக்கடைக் கட்டணங்களும் சேர்ந்தால் பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிடும். வருமான வரி மத்திய அரசுடையது; மின்சார வரியும் முத்திரைத் தீர்வையும் மாநில அரசுடையவை. நாளிதழ்களில் நீங்கள் படிக்கும் சலுகைத் தொகுப்புகள் பெரும்பாலும் மாநில அரசின் 2021ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கை போன்றவற்றின்கீழ் வருபவை. தொழில் வரிக்கு அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த உச்ச அளவைச் செலுத்தும் ஆயிரம் பேர் வேலை செய்தாலும் 25 லட்சம் ரூபாய்தான் வரும்; அதுவும் ஊழியர் சம்பளத்தில் பிடிக்கப்படுவது என்பதால், அதைத் தள்ளுபடி செய்வதால் நிறுவனத்துக்கு இலாபமில்லை. எஞ்சுவது சொத்து வரி. அதை விட்டுக்கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். புதிய ஆலையின் சரக்கு லாரிகள் ஓடும் சாலைக்கும், அதன் தொழிலாளர்கள் குடியேறும் வார்டுகளின் குடிநீருக்கும் குப்பைக்கும் மாநகராட்சி செலவழிக்க வேண்டிய பணம் அதுவே.

கேள்வி (திருப்பூர், ஏற்றுமதி நிறுவனக் கணக்காளர்): மாநில ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவது பெரிய சலுகைதானே?

பதில்: யாருக்கு என்று கேட்க வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, வரி பொருள் உற்பத்தியாகும் மாநிலத்துக்கு அல்லாமல் அது நுகரப்படும் மாநிலத்துக்கே சேர்கிறது. தமிழகத்துக்குள் விற்றால் மட்டுமே மாநில ஜிஎஸ்டி உண்டு. ஏற்றுமதிக்கு வரிவிகிதமே பூஜ்யம். உங்கள் பின்னலாடை நிறுவனத்துக்கு இச்சலுகையால் பயன் அநேகமாக இராது. அரசுகள் மூலதன மானியத்தையும் (முதலீட்டில் ஒரு பங்கைத் தருவது) சம்பள மானியத்தையும் (ஊழியர் சம்பளத்தில் ஒரு பங்கைத் தருவது) நாடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி (கணபதி, பிற நிறுவனங்களுக்குக் கூலிக்கு உதிரிபாகம் செய்து தரும் ஜாப் ஆர்டர் பட்டறை உரிமையாளர்): வெளியூர்க் கம்பெனிக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். இருபது வருடமாக இங்கேயே லேத் ஓட்டும் எங்களுக்கு என்ன கிடைத்தது, ஐயா?

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. வாடகைக் கட்டடத்தில் இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்து, உரிமையாளரும் உடன் நின்று வேலை பார்க்கும் பட்டறையில், ஆர்டர் இல்லாத மாதத்திலும் ஈபி பில்லில் நிலைக்கட்டணம் வந்து நிற்கிறது. 2022 செப்டம்பர் மின்கட்டண உயர்வுக்குப் பிறகு அந்தச் சுமையை எதிர்த்து 2023இல் தொழில் அமைப்புகள் கதவடைப்பே நடத்தின. புதிய ஆலைக்கு ஐந்தாண்டு மின்சார வரி விலக்கு அளிக்கும்போது, அதே தெருவில் வரியோடு பில் கட்டுபவர் தம் ஆட்களையும் அந்த ஆலைக்கு இழக்கிறார். இருந்தாலும் அந்த ஆலை வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உதிரிபாகங்களில் குறிப்பிட்ட பங்கை இம்மாவட்டக் குறுந்தொழில்களிடமிருந்தே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வருமானால், அதனால் உங்களுக்கும் வேலை பெருகும். அந்த நிபந்தனை ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

கேள்வி (பெருந்துறை, பட்டதாரி): சலுகை தராவிட்டால் அவர்கள் வேறு மாநிலத்துக்குப் போய்விட மாட்டார்களா?

பதில்: சலுகை ஒன்றுக்காகவே வருபவர்கள் போகலாம். ஆனால் கொங்கு நாட்டில் தொழில் வளர்ந்தது சலுகையால் அன்று. 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பின்னர்தான் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. திருப்பூரில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, தொழில் மீண்டெழ உதவியவற்றுள் ஒன்று, பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு கொடுத்த வட்டியில்லாக் கடன். அப்படிச் செலவழித்த பணம் எந்த முதலாளி போனாலும் ஊரிலேயே நிற்கும். ஸ்ரீபெரும்புதூரில் சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகைகளோடு 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதையும் நாம் பார்த்தோம். வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர் உங்களைப் போன்ற இளைஞர்கள்.

கொடுத்தே ஆக வேண்டுமானால், வேலை உண்டான பிறகு கொடுக்கட்டும். உலகளாவிய திறன் மையங்களுக்கு (பன்னாட்டு நிறுவனங்கள் தம் பணிகளுக்காக இங்கே நடத்தும் அலுவலகங்கள்) 2024இல் மாநில அரசு அறிவித்த சம்பள மானியம் முதலாண்டு 30, அடுத்து 20, பிறகு 10 விழுக்காடு எனக் குறைந்து முடிவது. ஆள் எடுத்தால்தான் பணம் என்பதால் அந்த முறையை நான் வரவேற்கிறேன். குறித்த ஆண்டுகளுக்குள் மூடினால் பெற்றதை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்ற விதியும் உடன் வேண்டும்.

கேள்வி (சூலூர்): ஆலை மாநகராட்சி எல்லைக்கு வெளியே அமைந்தால்?

பதில்: சொத்து வரியும் தொழில் வரியும் அந்த ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ சேரும்; நெரிசலில் பெரும்பகுதி நகரத்துக்கு வரும்.

கேள்வி (ஆர்.எஸ்.புரம்): பொதுமக்கள் நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: அரசும் நிறுவனமும் செய்துகொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதில் "நேரடி, மறைமுக வேலைவாய்ப்பு" என்று சேர்த்தெழுதியிருந்தால், நேரடி எத்தனை, அதில் நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். பிஎஃப் கணக்கில் மாதந்தோறும் பணம் செலுத்தப்படும் ஆட்களை மட்டுமே வேலை பெற்றவர்களாகக் கணக்கிட வேண்டும் என்று உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் பகுதி சபாக் கூட்டத்தில் வலியுறுத்துங்கள். அக்கோரிக்கையைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.