வாசகர் கேள்வி – பதில்: கோப்பை திரும்பி வந்த வேளை

கேள்வி: பல ஆண்டுகளாக முதற்சுற்றிலேயே தோற்று வந்த எங்கள் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணி, இம்முறை மாகாண மட்டத்தில் சம்பியனாகியிருக்கிறது. பழைய மாணவர்களாகிய நாங்கள் கல்லடிப் பாலத்திலிருந்து வாகனப் பேரணி நடத்தவும், கூடுதல் புள்ளி பெற்ற வீரருக்கு ரொக்கப் பரிசு வழங்கவும் எண்ணியுள்ளோம். தங்கள் கருத்து என்ன?
– பழைய மாணவர் ஒருவர், மட்டக்களப்பு

பதில்: வாழ்த்துகள். பேரணியைத் தாராளமாக நடத்துங்கள். பரீட்சைக் காலமாயின் ஒலிபெருக்கியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இந்த விளையாட்டு மட்டக்களப்பாருக்கு நேற்று வந்ததன்று. 1948இல் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து இலங்கைக்கு வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார், புனித மிக்கேல் கல்லூரி மாணவர்களுக்கு இதைப் பயிற்றுவித்தார். 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் அவர் காணாமற்போன பின்னரும் இங்கு பந்து தட்டும் ஓசை ஓயவில்லை என்றால், அதற்குக் காரணம் கோப்பை கிடைக்காத ஆண்டுகளிலும் மாலைதோறும் பயிற்சிக்கு வந்தவர்களே. ஆகவே, உங்கள் கல்லூரியிலும் தோற்ற அணிகளில் ஆடியவர்களை மேடைக்கு அழையுங்கள். பிரமுகர்களுக்குப் பொன்னாடை குறைந்தால் குடி முழுகிவிடாது.

ரொக்கப் பரிசுக்குத்தான் நான் உடன்படமாட்டேன். பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டிய ஆட்டத்தில், எதிரணி வீரரின் வழியை மறித்து நின்று தன் தோழன் எறிவதற்கு இடம் உண்டாக்குபவரின் பெயர் புள்ளிக் கணக்கில் ஏறுவதில்லை. வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தை எட்டிப் பிடித்து, தன் அணிக்கு மேலும் 14 விநாடி பெற்றுக்கொடுப்பவருக்கும் அதே கதிதான். புள்ளிக்குப் பணம் என்று ஆகிவிட்டால், அடுத்த பருவத்தில் பக்கத்தில் நிற்பவனுக்குப் பந்தைக் கொடுக்க எவனுக்கு மனம் வரும்?

அந்தப் பணத்தை ஆடுகளத்துக்குச் செலவிடுங்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் கூரையில்லாத சீமெந்துத் தரை பாசி பிடித்து வழுக்கும். பயிற்சி வாரக்கணக்கில் தடைப்படும். கூரை போட இயலாவிட்டாலும், தரையைச் செப்பனிட்டு, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பந்தும் பாதணியும் வாங்கிக் கொடுக்கலாம். இன்று கோப்பையைத் தூக்கியவர்கள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வெளியேறும்போது, அவர்களின் இடத்துக்கு வர வேண்டியவர்கள் இந்தச் சிறுவர்கள்தாம்.

கேள்வி: வென்ற அணியினர் ஏணியில் ஏறிக் கூடையின் வலையை வெட்டுவதைக் காணொளிகளில் பார்க்கிறேன். இது என்ன வழக்கம்?
– வாசகி, கல்முனை

பதில்: இது அமெரிக்கக் கல்லூரி அணிகளின் வழக்கம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் எவரெட் கேஸ் 1947இல் இதைக் கல்லூரி மட்டத்துக்குக் கொண்டுவந்தார் என்பர். வீரர்கள் ஆளுக்கொரு துண்டு வெட்டியெடுக்க, எஞ்சியதைப் பயிற்சியாளர் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வார். நம் பாடசாலைகள் பலவற்றில் கிழிந்த வலையை மாற்றுவதற்கே ஆண்டுக்கணக்காகிறது. வெட்ட விரும்புவோர் புது வலையொன்றை வாங்கி வைத்துக்கொண்டு வெட்டட்டும்.