வாயைச் சுற்றிப் பொரியும் கொப்புளம்: ஹார்மோன் சிகிச்சையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு 49 வயது. ஒன்றரை வருடமாக மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. திடீர் திடீரென்று உடம்பு தகித்து, குப்பென்று வேர்த்து, ராத்தூக்கமே போய்விட்டது. மகப்பேறு மருத்துவர் எட்டு மாதமாக ஹார்மோன் சிகிச்சை தருகிறார். தினமும் ஈஸ்ட்ரோஜன் ஜெல், மாதத்தில் 12 நாள் புரோஜெஸ்டிரோன் மாத்திரை. தகிப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் நான்கு மாதமாக வாயைச் சுற்றியும் மூக்கின் ஓரத்திலும் சின்னச் சின்னதாகச் சிவப்புக் கொப்புளங்கள், எரிச்சல். மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். போட்டால் இரண்டே நாளில் அமுங்குகிறது, விட்டால் முன்பைவிட அதிகமாக வருகிறது. இது ஹார்மோனால் வந்த வினையா? நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் அந்தக் களிம்பு டியூபை எடுத்து, பொடி எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன், ஃபுளுசினோலோன் என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது ஸ்டீராய்டு. இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். போட்டால் இரண்டு நாளில் அமுங்கி, விட்டால் பொங்குவது அதன் கைவரிசை.

நீங்கள் சொல்கிற அடையாளங்கள் பெரிஓரல் டெர்மடைட்டிஸ் என்ற தோல் அழற்சியோடு நன்றாகப் பொருந்துகின்றன. கண்ணாடியில் ஒன்று பாருங்கள். உதட்டை ஒட்டி மெல்லிய கோடு போல் ஒரு பட்டை மட்டும் தெளிவாக இருந்து, அதற்கு வெளியே கொப்புளம் பொரிந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இதற்கு விமானப் பணிப்பெண் நோய் என்றுகூட ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்தில் அடுக்கடுக்காகப் பூசுகிறவர்களுக்கு அதிகம் வரும் என்பதால் வைத்த பெயர். ஆக, ஸ்டீராய்டு களிம்பு மட்டுமல்ல, கனமான மாய்ஸ்சரைசர், ஃபவுண்டேஷன், சிலருக்கு டூத்பேஸ்ட், ஆஸ்துமாவுக்கு இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் ஆகியவையும் இதைக் கிளப்பிவிடலாம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் தோல் வறண்டு, முன்பு ஒத்துக்கொண்ட கிரீம்கூட எரிய ஆரம்பிக்கும். எரிகிறதே என்று இன்னொரு கிரீம் வாங்குவோம். அங்கேதான் சங்கடம் தொடங்குகிறது.

சரி, ஹார்மோனுக்குப் பங்கே இல்லையா? இந்த அழற்சி ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் பெருமளவு வருகிறது. சிலருக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் கூடுகிறது. அதனால் ஹார்மோன் ஏற்றத்தாழ்வு தூண்டிவிடலாம். ஆனால் இதுதான் காரணம் என்று உறுதியாக நிரூபணமாகவில்லை. உங்கள் விஷயத்தில் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தினசரி காலண்டரில் மாத்திரை போடும் 12 நாட்களையும் குறித்து வையுங்கள், கொப்புளம் கூடும் நாட்களையும் குறியுங்கள். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து இரண்டும் ஒன்றாகவே வந்தால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. நார்எதிஸ்டிரோன் போன்றவற்றில் ஆண் ஹார்மோனின் சாயல் கொஞ்சம் உண்டு. சிலருக்கு முகத்தில் எண்ணெய் வழிந்து பரு வரும். டைட்ரோஜெஸ்டிரோன், மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் ஆகியவற்றில் அந்தத் தொல்லை குறைவு. மாற்றிப் பார்க்க வழி இருக்கும்போது, நன்றாக வேலை செய்கிற சிகிச்சையை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

ஒரு தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். மாத்திரைதான் முகத்தைக் கெடுக்கிறது என்று நீங்களாகவே அதை நிறுத்திவிட்டு ஜெல்லை மட்டும் தொடரக் கூடாது. கர்ப்பப்பை இருக்கிற பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போய்க்கொண்டிருந்தால் அதன் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். நாளடைவில் புற்றுநோய் ஆபத்துகூட உண்டு. அப்புறம், ஜெல்லைக் கையிலோ தொடையிலோ தடவியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறீர்களா? மிச்சத்தை முகத்தில் தேய்த்துக்கொள்கிற பழக்கம் சிலரிடம் பார்த்திருக்கிறேன். அது முகத்துக்கான மருந்து அல்ல.

இப்போது என்ன செய்வது? முகத்தில் எதையும் போடாமல் இருப்பதுதான் பாதி வைத்தியம். களிம்பு, கிரீம், பவுடர் எல்லாவற்றையும் ஓரம் கட்டுங்கள். மஞ்சள், எலுமிச்சைச் சாறு, தேங்காய் எண்ணெயும் இதில் சேர்த்தி. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். வேர்த்தாலும் அப்படியே. பல் தேய்த்த பிறகு வாயைச் சுற்றி நுரை தங்காமல் கழுவுங்கள்.

ஆனால் ஸ்டீராய்டை விட்ட சில நாட்களில் முகம் இன்னும் மோசமாகச் சிவந்து கொந்தளிக்கும். ஓரிரு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கலாம். பலர் தோற்றுப்போவது இங்கேதான். பயந்து மறுபடி அதே டியூபைப் பிதுக்குவார்கள். நான்கு மாதமாகப் போட்டிருக்கிறீர்கள் என்பதால், விடுவதைத் தோல் மருத்துவர் மேற்பார்வையில் செய்யுங்கள். வீரியமான களிம்பாக இருந்தால் படிப்படியாகக் குறைக்கச் சொல்லலாம். மெட்ரோனிடசோல் ஜெல், அசெலாயிக் அமிலம், பைமெக்ரோலிமஸ் போன்றவற்றில் ஒன்றைத் தருவார். அதிகமாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, ஆறு முதல் எட்டு வாரம் வரை.

டாக்ஸிசைக்ளின் தந்தால் இரண்டு விஷயம். எலும்புக்காக நீங்கள் கால்சியமோ, ரத்தசோகைக்கு இரும்புச்சத்தோ சாப்பிட்டால், அதற்கும் டாக்ஸிசைக்ளினுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி விடுங்கள்; சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காதீர்கள். இன்னொன்று கொஞ்சம் கூச்சமான விஷயம். மாதவிலக்கு முழுதாக நிற்காத உங்கள் வயதில் கர்ப்பம் தரிக்க இன்னும் வாய்ப்பு உண்டு. ஹார்மோன் சிகிச்சை கருத்தடை ஆகாது. கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை ஆகாது என்பதால் மருத்துவரிடம் மறைக்காமல் பேசிவிடுங்கள்.

வாயைச் சுற்றி வருவதெல்லாம் இதுவே என்றும் சொல்ல முடியாது. வாயின் இரண்டு மூலைகளும் வெடித்துப் புண்ணானால் இரும்பு, பி வைட்டமின் குறைவு, சர்க்கரை நோய், பொருந்தாத பல்செட் ஆகியவற்றை நினைக்க வேண்டும். குத்திக் குத்தி வலித்து, ஒரே இடத்தில் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்தால் அக்கி வகையைச் சேர்ந்த ஹெர்பிஸ். அரிப்போடு வட்டமாகப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு போடுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றின மாதிரி. உதடு, நாக்கு வீங்கி மூச்சு முட்டினால் அது அவசர சிகிச்சைக்குரிய அலர்ஜி, காத்திருக்காதீர்கள்.

கடைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. 2018-லேயே மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் முகத்தில் ஏதோ பொரிந்திருக்கிறது என்று கேட்டால் டியூப் கைக்கு வந்துவிடுகிறது. என்னிடம் வருகிறவர்களில் பலர், பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்ததைக் கடன் வாங்கிப் போட்டவர்கள்.

தோல் மருத்துவரிடம் போகும்போது அந்த டியூப், ஜெல், மாத்திரை அட்டை, வழக்கமாகப் போடும் கிரீம், டூத்பேஸ்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முகத்துக்குப் பவுடர் வேண்டாம்.