மீதி ஃபீஸை அங்கே போய்ச் சம்பாதித்துக் கட்டலாமா?

கேள்வி: கல்லூரியில் இறுதி ஆண்டு படிக்கிறேன். அடுத்த செப்டம்பரில் வெளிநாட்டில் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் சேர ஆசை. “முதல் தவணையைக் கட்டிவிட்டுக் கிளம்புங்கள், மீதியைப் பார்ட்டைம் வேலை பார்த்துக் கட்டிவிடலாம்” என்கிறார் ஏஜென்ட். வீட்டில் தயங்குகிறார்கள். போகலாமா? எந்த நாடு நல்லது?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் ஏஜென்ட் போட்டுத்தந்த கணக்கை நம்பிப் போகாதீர்கள். வீட்டில் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

பார்ட்டைம் சம்பளம் கைச்செலவுக்கு உதவும், ஃபீஸ் கட்டக் காணாது. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்கள் பாடம் நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. அமெரிக்காவிலும் அதே 20 மணி நேரம்தான். முதல் கல்வியாண்டில் அதையும் வளாகத்துக்குள்தான் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள். போய் இறங்கியதும் வேலை கிடைத்துவிடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. தவணை நெருக்கும்போதுதான் பிள்ளைகள் விதியை மீறி வேலைக்குப் போகிறார்கள். மாட்டிக்கொண்டால் விசா போய்விடும், படிப்பும் பாதியில் நிற்கும். அந்த நிலைமை உங்களுக்கு வரவே கூடாது.

விசா கொடுப்பவர்களும் ‘அங்கே போய்ச் சம்பாதிப்பேன்’ என்ற பதிலை ஏற்பதில்லை. பிரிட்டனில் ஓர் ஆண்டுப் படிப்பு என்றால், ஃபீஸ் பாக்கியும் 9 மாத வாழ்க்கைச் செலவும் (லண்டனுக்குக் கூடுதல்) வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் இருந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். கடைசி நேரத்தில் கைமாற்று வாங்கிப் போட்டுக் காட்டும் வேலை இங்கே எடுபடாது. ஜெர்மனிக்கு, ஓர் ஆண்டுச் செலவைப் பெரும்பாலும் பிளாக்டு அக்கவுண்டில் முன்கூட்டியே போடச் சொல்வார்கள். போன பிறகு மாதாமாதம் ஒரு பங்குதான் கைக்கு வரும்.

எந்த நாடு என்பதை விட, எந்தப் படிப்பு என்று முதலில் பாருங்கள். பல்கலைக்கழகத் தளத்தில் பாடப் பட்டியல் இருக்கும். அதை வரி வரியாகப் படியுங்கள். டேட்டா சயின்ஸ் என்ற பெயரில் ஓரிடத்தில் புள்ளியியலை ஆழமாக நடத்துவார்கள், இன்னோரிடத்தில் பாதிப் பாடம் மேலாண்மையாக இருக்கும்.

பணம்தான் தடை என்றால் ஜெர்மனியில் தேடுங்கள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் போன்ற சில இடங்களில் மட்டும் வெளிநாட்டு மாணவர்களிடம் வாங்குகிறார்கள். ஏஜென்ட் இவற்றைச் சொல்லவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். பல ஏஜென்ட்களுக்குப் பல்கலைக்கழகம்தான் கமிஷன் தருகிறது. கமிஷன் தராத இடம் அவர்கள் பட்டியலில் வருவது அரிது.

ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையையும் விடாதீர்கள். இறுதி ஆண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரிக்குள் விண்ணப்பம் முடிந்துவிடும். அடுத்த செப்டம்பர் தானே என்று இருந்துவிட்டால் அது கைநழுவிவிடும். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் 2 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் அதை இப்போதே எழுதிவிடலாம்.

அப்புறம், பரிந்துரைக் கடிதம். பல பல்கலைக்கழகங்கள் பேராசிரியரின் மின்னஞ்சலுக்கே நேரடியாக இணைப்பை அனுப்பிக் கேட்கும். அவர்களுக்கு அவகாசம் வேண்டும். உங்களை நன்றாக அறிந்த இருவரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.