பூனையைப் பழக்கியது யார்?

கே: பூனையை முதலில் வளர்த்தவர்கள் எகிப்தியர்கள்தானே?

ப: வெகுகாலம் அப்படித்தான் நம்பினோம். 2004இல் சைப்ரஸ் தீவின் ஷில்லூரோகம்போஸ் என்ற கற்காலக் குடியிருப்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு மனிதரை மெருகேற்றிய கற்கோடரிகளோடு புதைத்திருக்கிறார்கள். 40 செ.மீ. தள்ளித் தனிக் குழியில் ஒரு பூனை. வயது எட்டு மாதம் இருக்கும். எலும்பில் வெட்டுக்காயம் இல்லை, ஆகவே கறிக்காகக் கொன்றதல்ல. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனையே கிடையாது என்பதுதான் இதில் முக்கியம். யாரோ படகில் ஏற்றி வந்திருக்கிறார்கள்! அது வீட்டுப்பூனையா, மனிதரிடம் பழகிய காட்டு விலங்கா என்பது வேறு விவாதம். எலும்பை மட்டும் பார்த்துப் பிரிப்பது கடினம். எகிப்தின் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே கல்லறை ஓவியத்தில் நாற்காலிக்கடியில் பூனை உட்கார்ந்தது பல ஆயிரம் ஆண்டுகள் கழித்துத்தான்.

கே: எங்கள் ஊர்க் காட்டுப்பூனையும் இதன் மூதாதையா?

ப: இல்லை. நம் வயல்வெளியில் திரிவது ஃபெலிஸ் சாவுஸ் என்ற வேறு இனம். நீண்ட கால், குட்டை வால். வீட்டுப்பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவின் ஃபெலிஸ் லிபிகா. 979 பூனைகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்ட 2007ஆம் ஆண்டு ஆய்வு இதை உறுதி செய்தது.

கே: அதைப் பிடித்து வந்து பழக்கினார்களா?

ப: அதுவாகவே வந்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி. தானியம் சேர்த்த இடத்துக்கு எலி வந்தது, எலிக்காகப் பூனை வந்தது. ஆளைக் கண்டு ஓடாத பூனைக்கு வயிறு நிறைந்தது. அதன் குட்டிகளும் பிழைத்தன. நாய்க்கு வேட்டை, காவல் என்று வேலை கொடுத்தோம். பூனைக்கு நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை, எலி பிடிக்க அதற்குத் தெரியும். அதனால்தான் உடலும் குணமும் அவ்வளவாக மாறவில்லை.

கே: நாங்கள் சைவம். பால்சோறு மட்டும் போட்டு வளர்க்கலாமா?

ப: வேண்டாம். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு தயாரிக்காது. இறைச்சி, மீனிலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் கண்பார்வை போகும், இதயம் பலவீனமாகும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது.

கே: மூன்று நிறப் பூனை எல்லாம் பெட்டையாகவே இருக்கிறதே?

ப: செம்பட்டை நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கறுப்பும் செம்பட்டையும் ஒரே உடலில் சேர இரண்டு எக்ஸ் தேவை. பெட்டைக்கு இரண்டு எக்ஸ் உண்டு, கடுவனுக்கு வழக்கமாக ஒன்றுதான். அபூர்வமாகக் கடுவன் பிறந்தால், பெரும்பாலும் மலடாக இருக்கும்.