வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்கு ஒரு நாள் போய்வரலாமா? ட்ரெக்கிங் மாதிரி ஏதாவது உண்டா?

போகலாம். ஆனால் ட்ரெக்கிங் என்று நினைத்துப் புது ஷூ எல்லாம் வாங்கிவிடாதீர்கள். மொத்தமே 30 ஹெக்டேர் ஏரி, கரைமேல் ஒரு நடைபாதை, ஏறிப் பார்க்க ஒரு கோபுரம், அவ்வளவுதான். நடந்தே தீரவேண்டும் என்றால் கோடியக்கரைக்குப் போங்கள், அங்கே வெளிமான், பூநாரை எல்லாம் உண்டு.

"அங்கே ஒன்றுமே இல்லை" என்று யாரோ சொல்லித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். ஒரு மே மாத லீவில் பிள்ளைகளோடு போனேன், ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, நடுவில் ஆடு மேய்ந்தது. பறவை எங்கே என்று சின்னவள் கேட்டதற்கு, சாப்பிடப் போயிருக்கிறது என்று சமாளித்தேன்.

அப்புறம் ஒரு ஜனவரியில் அப்பாவோடு போனேன், சாயங்காலம் நாலு மணிக்கு. தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் இலை தெரியவில்லை, அத்தனை பறவை. கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை. (பறவை ஆர்வலர்கள் சண்டைக்கு வரவேண்டாம், எனக்கு இதற்கு மேல் பெயர் தெரியாது.) ஒரு நீர்க்காகக் குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையை முழுசாக விட்டு மீனை உருவியதை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவோ தண்ணீரையே பார்த்தார். பச்சையாக, கவிச்சி வாடையோடு இருந்தது. "இது தண்ணி இல்லடா, யூரியா" என்றார்.

விவசாயி கண்ணுக்கு அதுதான் தெரியும். எச்சம் விழுந்த அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது, அதனால்தான் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவையைச் சுட விடவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு 1798ல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதியே வாங்கிவிட்டார்கள். தீபாவளிக்கு வெடியும் வைப்பதில்லை.

எங்கள் அடுக்ககத்தில் இதே எச்சம் காரில் விழுகிறது என்று, வக்கா கூடு கட்டியிருந்த தூங்குமூஞ்சி மரத்தையே வெட்டினார்கள். கூட்டத்தில் வேண்டாம் என்று கை தூக்கியது நான் ஒருத்தன். இப்போது அதே ஆட்கள் பார்க்கிங்கில் வெயில் தாங்கவில்லை, கூரை போடணும், ஆளுக்கு எட்டாயிரம் கொடு என்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் வயிறு எரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், அதுவும் அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பியிருந்தால் மட்டும். சென்னையிலிருந்து திருச்சி போகும் ஜிஎஸ்டி ரோட்டில் படாளத்தில் திரும்பவேண்டும். மதியம் போய் நிற்காதீர்கள், இரை தேடப் போனதெல்லாம் கூட்டுக்குத் திரும்புவது பொழுது சாயும்போதுதான். பைனாகுலர் அவசியம். தொப்பியும்தான், ஏன் என்று மரத்தடியில் நின்றால் தெரியும்.