சிபில் 618: 13 சதவீதத்தில் வீட்டுக் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 38, சம்பளம் 42,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 18,000. கொரோனா சமயத்தில் சம்பளம் சரியாக வராமல் கிரெடிட் கார்டு பாக்கி 68,000 ஆகிவிட்டது. 2022-ல் 30,000 கட்டி செட்டில்மென்ட் செய்தேன். பைக் கடனை முழுவதும் கட்டிவிட்டேன், ஆனால் சிபிலில் (நம் கடன் வரலாற்றுப் பதிவில்) 1,180 பாக்கி என்று நிற்கிறது. பெர்சனல் லோன் ஒன்று மாதம் 6,400, இன்னும் 10 தவணை. அதில் போன வருடம் இரண்டு தவணை தாமதம். ஸ்கோர் 618. இப்போது 8,500 வாடகையில் இருக்கிறோம். மாநகராட்சி எல்லைக்குள் 28 லட்சத்துக்கு ஒரு தனி வீடு வந்திருக்கிறது. கையில் 6 லட்சம், கடன் 22 லட்சம் வேண்டும். இரண்டு வங்கிகள் மறுத்துவிட்டன. ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி 13 சதவீதத்தில் தருகிறேன் என்கிறது. ஓர் ஏஜென்ட் 15,000 கொடுத்தால் ஸ்கோரை 750 ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். வீட்டுக்காரர் இந்த மாதமே 2 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். என்ன செய்யலாம் சார்?

பதில்: முதலில் அந்த ஏஜென்ட் விஷயத்தை முடித்துவிடுவோம். ஸ்கோரை யாராலும் உள்ளே போய் மாற்ற முடியாது. ரிப்போர்ட்டில் தப்பு இருந்தால் திருத்தச் சொல்லி மனு போடலாம், அவ்வளவுதான். அதை நீங்களே காசில்லாமல் செய்யலாம். உங்கள் பான், ஆதார், ஓ.டி.பி. எதையும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், சிபில் இணையதளத்துக்குப் போய் முழு ரிப்போர்ட்டை இறக்குங்கள். வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட் இலவசம். சிபில் போலவே கடன் பதிவு வைத்திருக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் மூன்று நிறுவனங்களிடமும் அதேபோல வாங்கலாம். முதல் பக்கத்தில் பெரிதாக நிற்கும் 618-ஐ விட்டுவிட்டு உள்ளே போங்கள். ஒவ்வொரு கடனுக்கும் கீழே சின்னச் சின்னக் கட்டங்களாக 36 மாதம் வரை இருக்கும். தவணை சரியாகக் கட்டிய மாதத்தில் 000. எத்தனை நாள் தாமதமோ அந்த எண் மற்ற மாதங்களில். உங்கள் பெர்சனல் லோனில் அந்த இரண்டு மாதங்கள் மட்டும் 000 இல்லாமல் துருத்திக்கொண்டு நிற்கும். வங்கி அதிகாரி முதலில் பார்ப்பது இதைத்தான். 618 ஒன்றுதான் என்றாலும், பழைய காயத்தால் வந்த 618-ஐயும் போன மாதம் வரை தவணை தவறுகிறவரின் 618-ஐயும் அவர் ஒரே மாதிரி பார்க்க மாட்டார். இத்தனை ஸ்கோர் இருந்தால்தான் வீட்டுக் கடன் என்று ரிசர்வ் வங்கி விதி எதுவும் போடவில்லை. ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஒரு கோடு வைத்திருக்கிறது.

பைக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் ஃபைனான்ஸ் பெயர் நீங்கிவிட்டதா? நீங்கியிருந்தால் என்.ஓ.சி., அதாவது கடன் பாக்கி இல்லை என்ற சான்று, வாங்கியிருக்கிறீர்கள் என்று பொருள். அந்த என்.ஓ.சி. நகலோடு சிபிலிலும் கடன் கொடுத்த கம்பெனியிலும் மனு போடுங்கள். 30 நாளுக்குள் தீர்வு சொல்ல வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. என்.ஓ.சி. வாங்கவே இல்லை என்றால், அந்த 1,180 எப்போதோ தவணை திரும்பிப் போனதற்கான கட்டணமாக இருக்கலாம். வாதாடிக்கொண்டிருக்காமல் கட்டிவிட்டு என்.ஓ.சி. வாங்குங்கள். ஆயிரம் ரூபாய் பாக்கிக்காக லட்சக்கணக்கில் கடன் மறுக்கப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறாது.

கிரெடிட் கார்டுதான் பெரிய விஷயம். செட்டில்மென்ட் செய்தபோது கடன் முடிந்தது என்றுதான் நினைத்திருப்பீர்கள், வசூலுக்கு வந்தவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் ரிப்போர்ட்டில் அது 'செட்டில்டு' என்று பதிவாகும். இவர் முழுசாகக் கட்டவில்லை, நாங்கள் விட்டுக்கொடுத்தோம் என்று அந்த வங்கி மற்ற எல்லா வங்கிகளுக்கும் சொல்வதுபோல. இதை 'க்ளோஸ்டு' என்று மாற்ற வழி இருக்கிறது. விட்டுக்கொடுத்த தொகையைக் கட்டிவிடுகிறேன், எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். 38,000-ஐ ஒட்டிச் சொல்வார்கள், கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். பணம் கட்டுவதற்கு முன்னால், கட்டியதும் சிபிலில் 'க்ளோஸ்டு' என்று மாற்றுவோம் என்ற கடிதமோ மின்னஞ்சலோ கைக்கு வர வேண்டும். போனில் சொன்னதை நம்பிக் கட்டாதீர்கள். கையில் இருக்கும் 6 லட்சத்தில் இதற்கு எடுப்பதை வீண் என்று நினைக்க வேண்டாம், கீழே உள்ள கணக்கைப் பார்த்தால் புரியும்.

22 லட்சம், 20 வருடம். வங்கியில் 8.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 19,092 ரூபாய். 13 சதவீதத்தில் 25,775. மாதம் 6,683 வித்தியாசம், வருடத்துக்கு 80,000. கடைசி வரை கட்டினால் 16 லட்சம் கூடுதல்.

இப்போது வாங்கிவிட்டு இரண்டு வருடம் கழித்து வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாமே, ஒரு வருட வாடகையே 1,02,000 ஆகிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வட்டி மாறும் ஃப்ளோட்டிங் கடனுக்கு முன்கூட்டியே அடைப்பதற்கான அபராதமும் கிடையாது. ஆனால் 25,775-ஓடு பெர்சனல் லோன் 6,400-ஐச் சேர்த்தால் 32,175. உங்கள் இருவர் வருமானத்தில் பாதிக்கு மேல். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் எப்படித் தவித்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு மாதம் வந்து ஒரு தவணை தவறினாலும் எந்த வங்கியும் கடனை மாற்றி எடுத்துக்கொள்ளாது. 13 சதவீதத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். இன்னொன்றும் உண்டு: கட்டட அனுமதி, மனை அங்கீகாரம் சரியாக இல்லாத வீட்டுக்கும் சில கம்பெனிகள் கடன் கொடுத்துவிடும். அந்தக் கடனை வங்கி ஒருநாளும் மாற்றி எடுக்காது. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, நகர ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) அங்கீகாரம் மூன்றையும் வக்கீலிடம் காட்டினீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

உங்கள் கணக்கில் விட்டுப்போனது பத்திரச் செலவு. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 28 லட்சத்துக்கு 2,52,000 ரூபாய். இதை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது. ஆக உங்களுக்கு வேண்டியது 6 லட்சம் அல்ல, எட்டரை லட்சத்துக்கு மேல். அந்தப் பள்ளத்தை நிரப்ப இன்னொரு பெர்சனல் லோன், நகைக் கடன் என்று ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று 2020-லேயே பார்த்துவிட்டீர்கள்.

அதனால் நான் சொல்வது, இந்த வீட்டை விட்டுவிடுங்கள். ஒரு வருடம் பொறுங்கள். அந்த ஒரு வருடமும் 25,775 தவணை கட்டுவதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். வாடகை 8,500 போக மீதி 17,275-ஐ மாதம் 5-ஆம் தேதி ஆர்.டி.யில் போடுங்கள். 12 மாதத்தில் 2,07,300 சேரும். 10 மாதத்தில் பெர்சனல் லோன் முடிகிறது, அதன் பிறகு 6,400-ம் இதில் சேரும். எந்த மாதம் போட முடியவில்லையோ, அந்த மாதம் வீட்டுத் தவணையையும் கட்டியிருக்க முடியாது என்று தெரிந்துகொள்வீர்கள். இன்றைக்கு அது உங்களுக்குத் தெரியாது.

கூடவே 25,000 ரூபாய்க்கு ஒரு எஃப்.டி. போட்டு அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்குங்கள். ஸ்கோர் குறைவானவர்களுக்கும் கொடுப்பார்கள். மளிகை, பெட்ரோல் என்று லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவழித்து, பில் வந்ததும் முழுவதும் கட்டிவிடுங்கள். இடையில் எந்தக் கடனுக்கும் விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் ஒரு வரியாக விழும்.

மனைவியின் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். அவர் பெயரில் மட்டும் வாங்கினால் என்ன என்று தோன்றும். 18,000 சம்பளத்தில் பாதி 9,000 தவணை என்றால் 10 லட்சம் சுமார்தான் கிடைக்கும். ஆனால் ஒரு வருடம் கழித்து இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது அவரது சுத்தமான ரிப்போர்ட் உங்களுக்குத் துணை நிற்கும். அப்போது பிரதமர் ஆவாஸ் யோஜனா நகர்ப்புறம் 2.0 திட்டத்தையும் கேளுங்கள். குடும்ப வருமானம் 9 லட்சத்துக்குள், வீடு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், நாட்டில் வேறெங்கும் சொந்தப் பக்கா வீடு கிடையாது என்றால், அதிகபட்சம் 1,80,000 வரை வட்டி மானியம் தவணை தவணையாக வரும். உங்கள் வருமானம் 7,20,000, பொருந்துகிறது.

இத்தனை சொல்லியும் இந்த வீடுதான் வேண்டும் என்று நீங்கள் இருவரும் முடிவெடுத்தால், 2 லட்சத்தை வெறும் பேச்சை நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். கடன் ஒப்புதல் கடிதம் கைக்கு வரட்டும். வீட்டுக்காரர் அதுவரை பொறுக்கமாட்டார் என்றால், கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸை இத்தனை நாளுக்குள் திருப்பித் தருவேன் என்று கிரய ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் பணத்தை எடுக்காதீர்கள்.