மேன்டிஸ் இறால்: சாதுவா, முரடா?

கேள்வி: கடல்நீர்த் தொட்டியில் மேன்டிஸ் இறால் (இரையைக் கைகளால் தாக்கிப் பிடிக்கும் கடல் உயிரி) வளர்க்க ஆசை. விற்பவர் மயில் மேன்டிஸைக் காட்டி "இது முரடு" என்கிறார். வரிக்குதிரை மேன்டிஸையோ "சாது, மீன்களோடு விடலாம்" என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: மீன்களோடு விடலாம் என்பதை நம்பவே நம்பாதீர்கள். வரிக்குதிரை மேன்டிஸ், குத்திப் பிடிக்கும் வகை. மணல் வளையின் வாசலில் கண்களை மட்டும் நீட்டிக் காத்திருந்து, மேலே போகும் மீனை இழுத்துக்கொள்ளும். ஆணும் பெண்ணும் ஒரே வளையில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழும் என்பது உண்மை. அந்தச் சாதுத்தனம் ஜோடியோடு சரி. 40 செ.மீ. வரை வளரும், ஆழமான மணல் கேட்கும். இவ்வளவு செய்தும் பெரும்பாலும் கண்கள்தான் தெரியும்.

மேன்டிஸ் இறால்களின் குணம் பெரிதும் இருப்பிடத்தைப் பொறுத்தது. உயிரியலாளர்கள் ராய் கால்டுவெல், ஹியூ டிங்கிள் இருவரும் 1970களில் இதை ஆராய்ந்தார்கள். பாறைப் பொந்தில் வாழ்பவைக்குப் பொந்து கிடைப்பதே அரிது; அதனால் அடித்துக்கொள்ளும். வளையைத் தானே தோண்டிக்கொள்பவைக்கு அந்த அவசியம் குறைவு. பொந்தில் வாழும் கொனோடாக்டைலஸ் கைராக்ரா என்ற இனம் மகா முரடு. மயில் மேன்டிஸும் அடித்து உடைக்கும் வகைதான். நத்தை, நண்டு எதுவும் தப்பாது. ஆனால் பவளச் சிதறலில் தானே வளை கட்டுவது. வெளியே உலாவும், வளர்ப்பவரை உற்றுப் பார்க்கும். முரடு என்று ஒதுக்குவது அநியாயம். 18 செ.மீ. வரை வளரும், அடியின் வேகம் நொடிக்கு 23 மீட்டர் வரை பதிவாகியிருக்கிறது. அதற்குக் கண்ணாடியைவிட அக்ரிலிக் தொட்டி நல்லது.

முதல்முறை என்றால் என் வாக்கு நியோகொனோடாக்டைலஸ் வென்னரே என்ற இனத்துக்குத்தான். சிறியது, தாக்குப்பிடிக்கும், சிறு தொட்டி போதும். எந்த இனமானாலும் தொட்டிக்கு ஒன்றுதான்.

அப்புறம், கடையில் பதுங்கியே இருப்பதைப் பயந்தாங்கொள்ளி என்று தள்ளிவிடாதீர்கள். ஓடு உரிக்கும் சமயமாக இருக்கலாம். உரித்த புதிதில் உடம்பு மெத்தென்று இருக்கும், அடிக்க முடியாது. அப்போதும் சில இனங்கள் கைகளை விரித்து மிரட்டும். வாங்கும்போது இரண்டு தாக்கும் கைகளும் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மயில் மேன்டிஸில் ஓடு அரித்தோ கறுத்தோ இருந்தால் வேண்டாம், அது ஓட்டு நோய். கடைக்காரரை எதிரிலேயே இரை போடச் சொல்லுங்கள். எடுக்காவிட்டால் சில நாள் கழித்துப் போய் மறுபடி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.